என்மேல் வந்த புகார்

உத்திரமேரூர் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். தினமும் பத்துப் புகார் வரும். எல்லாம் ஒரே புகார்.

"டீச்சர், இவன் கெட்ட வார்த்தைல திட்டிக்கினே கீறான்."

"என்ன சொன்னான்?"

"அத்த சொன்னா நீங்க என்னத்தான் அடிப்பீங்க."

நியாயந்தான். அதனால் திட்டு வாங்கியவர்களை, அந்த வார்த்தையையும் திட்டியவர் பெயரையும் சீட்டில் எழுதி, மேசையிலிருந்த சாக்பீஸ் டப்பாவில் போடச் சொன்னேன். வெள்ளிக்கிழமை தண்டனை.

முதல் வெள்ளியன்று சீட்டுகளைப் பிரித்தேன். சில வார்த்தைகளை இருபத்தாறு வயதில் அன்றுதான் தெரிந்துகொண்டேன். பழக்க தோஷத்தில் ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துப் பிழையைச் சிவப்பு மையில் திருத்தியும்விட்டேன். கடைசிச் சீட்டில் முத்து முத்தான கையெழுத்து: 'எருமை. சொன்னது டீச்சர்.'

யார் கையெழுத்தென்று தெரியும். இரண்டாம் பெஞ்சுப் பெண். அப்பா அம்மா இருவரும் கூலிக்குக் கழனி வேலைக்குப் போகிறவர்கள். செவ்வாய்க்கிழமை தாமதமாக வந்தவளை அப்படிச் சொல்லியிருந்தேன். கூப்பிட்டேன். பயமில்லாமல் வந்து நின்றாள்.

"அம்மா நாத்து நட பூட்ச்சு. தங்கச்சிக்கு சோறு ஊட்டிட்டு வந்தேன், அதான் லேட்டு. எங்கம்மாகூட என்ன அப்டி சொன்னதில்ல டீச்சர்."

வகுப்பின் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், "அப்ப டீச்சருக்கு இன்னா தண்டன?" என்றது. வகுப்பே கூடிப் பேசித் தீர்ப்புச் சொன்னது: ஒரு வாரத்துக்கு எல்லோரையும் நான் வாங்க, போங்க என்றுதான் கூப்பிட வேண்டும்.

திங்களன்று கோபத்தில், "பேசினீங்கன்னா காதைத் திருகிடுவேங்க!" என்று கத்தினேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். மரியாதையாகத் திட்டவே முடியவில்லை. வியாழனுக்குள் பிள்ளைகளும் ஒருவரையொருவர், "தள்ளி உக்காருங்க சார்" என்று கிண்டலாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கெட்ட வார்த்தைகள் ஒழிந்துவிடவில்லை, மைதானத்துக்குக் குடிபோயின. டப்பாவில் மட்டும் சீட்டு குறைந்தது.

அந்தச் சமயத்தில்தான் உத்திரமேரூரில் பிரவுசிங் சென்டர் திறந்தார்கள். ஒரு சனிக்கிழமை அந்தப் பெண்ணையும் இன்னும் இரண்டு பேரையும் இன்டர்நெட் காட்ட அழைத்துப் போனேன். தமிழர்கள் பேசும் சாட் ரூம் ஒன்றைத் திறந்து, 'வணக்கம்' என்று ஆங்கில எழுத்தில் அடித்தோம். யாரோ ஒருவர் உடனே கெட்ட வார்த்தையில் பதில் போட்டார். சாட் ரூமை மூட நீண்ட என் கையை அவள் பிடித்தாள்.

"இருங்க டீச்சர்." ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தாள்: 'அண்ணா, சாப்பிட்டீங்களா?'

திரையில் ஒரு வரி வந்தது: 'ஸாரிம்மா. இன்னும் இல்ல. நீங்க?'

துபாயில் வேலையாம். சொந்த ஊர் செய்யாறு. ஊர்ப் பக்கம் மழை பெய்ததா என்று கேட்டார். மூன்று பேரும் கீபோர்டுக்கு அடித்துக்கொண்டார்கள். செய்யாற்று மழையைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் எங்கள் ஊர் ஏரி கரை தளும்ப நிரம்பிய கதையை ஒன்றுவிடாமல் அடித்து முடித்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தார்கள்.