கார்க் கதவுக்கு எந்த எண்ணெய்?

ரப்பர் விலை விழுந்த காலம் அது. மலாயாவில், கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். வேலையில்லை என்று ஆட்களை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஊர் திரும்புவதில் பயமில்லை. என் மனைவிதான் மாட்டவே மாட்டேன் என்றாள். எங்கள் ஒரே மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, தோட்டத்து இடுகாட்டில் புதைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அங்கே போய்ப் புல் பிடுங்கிவிட்டு வருவாள். என் வேலை இருக்கும்வரைதான் அவளுக்கு அந்த இடம்.

இந்த நேரம் பார்த்துக் கார்க் கதவு கத்தத் தொடங்கியது. துரைசானி ஏறும்போதும் இறங்கும்போதும் காதைப் பொத்திக்கொண்டாள். துரை என்னைக் கூப்பிட்டார்.

“டிரைவர், ஞாயித்துக்கிழமை ஆள் வருது. அன்னிக்குக் கதவு கத்தக் கூடாது.”

கத்தினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அதைச் சொல்லவும் வேண்டியதில்லை.

கதவு கத்தியதற்குக் காரணம் பக்திதான். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பின் மிஞ்சும் நல்லெண்ணெயை என் மனைவி கொண்டுவந்து கதவுக் கீல்களில் தடவுவாள். “நமக்குச் சோறு போடுற வண்டிங்க” என்பாள். ஆயுத பூசைக்குச் சந்தனமும் குங்குமமும் வேறு. அந்த எண்ணெயில் செம்மண் தூசி ஒட்டி, கீலுக்குள் பிசின்போல இறுகிவிட்டது. நானாவது ஒழுங்காக இருந்தேனா? அதன் மேலேயே தேங்காய் எண்ணெய் விட்டேன். இரண்டு நாள் அடங்கிவிட்டு மறுபடி கத்தியது. விளக்கெண்ணெய் விட்டேன். வயிற்றை இளக்குகிற எண்ணெய் கீலை இளக்கவில்லை. எரிச்சலில் எஞ்சின் எண்ணெயை ஊற்றினேன். அது வழிந்து துரைசானியின் வெள்ளைக் கவுனில் பட்டது. அன்று வாங்கிய திட்டு ஏழு தலைமுறைக்குப் போதும்.

சனிக்கிழமை கிள்ளான் கடைத்தெருவில் எனக்குப் பழக்கமான தையல்காரரிடம் புலம்பினேன். மெஷினுக்குப் போடும் எண்ணெயில் கொஞ்சம் குப்பியில் ஊற்றிக் கொடுத்தார்.

“தண்ணி மாரி இருக்கும், உள்ள எறங்கிடும் லா. ஆனா பழைய அழுக்கெல்லாம் மொதல்ல எடுத்துடுங்கண்ணே.”

கோழி இறகை மண்ணெண்ணெயில் தோய்த்துக் கீல்களைக் கழுவினேன். கறுப்பும் செம்மண்ணும் சந்தனமுமாகக் கரைந்து வந்தது. துடைத்துக் காயவிட்டு, மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கதவைத் திறந்து திறந்து மூடினேன். மழைத்தண்ணீர் இறங்காதிருக்க வெளியே மெல்லிசாகக் கிரீஸ் தடவினேன். கதவு வாயே திறக்கவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த என் மனைவியின் முகம் வாடியது. “இனிமே நம்ம சாமி எண்ணெ வேணாமாங்க?”

“வேணாம் புள்ள. சாமி கோவிச்சுக்காது.”

ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளைக்காரர் வந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார். நாலு கதவையும் திறந்து மூடினார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுத் துரையிடம் கை குலுக்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் போனதும் துரை என் தோளைத் தட்டினார். “நல்ல வேலை. காரை அவருக்கு வித்தாச்சு. அவரே ஓட்டுவாராம். நானும் சீமைக்குப் போறேன். உனக்கும் பொண்டாட்டிக்கும் அடுத்த கப்பல்ல எடம் சொல்லிட்டேன்.”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். கதவு கத்தியிருந்தாலும் கார் விலைபோயிருக்கும் என்று புத்தி சொல்கிறது. மனசு இன்றைக்கும் கேட்கவில்லை.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீட்டுக்கு வந்தேன். மனைவி சோறு போட்டபடி கேட்டாள்: “கதவு கத்துச்சாங்க?”

“இல்ல.”

“தொரைக்குச் சந்தோசமா?”

“ரொம்பச் சந்தோசம்.”

பிள்ளை போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். “அப்ப நமக்கு இனி பயமில்ல. மழையில பாப்பா மண்ணு கரைஞ்சுகிட்டே போவுதுங்க. சுத்தி ஒரு சிமெண்டுத் திட்டு கட்டிறலாமா?”

“கட்டலாம்” என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.