மன்னிப்புக்குப் பிறகுதான் தண்ணீர்

சொல்ல வந்ததை வாசலிலேயே சொல்லி முடித்த பிறகுதான் அவர் யார் வீட்டிலும் செருப்பைக் கழற்றுவார். அதுவரை தண்ணீர் கொடுத்தாலும் வாங்கமாட்டார்.

“செவ்வாக்கிழமை உங்களைக் கழுதைன்னு சொல்லிட்டேம்மா. தப்பு. மன்னிச்சிருங்க.”

என் மகன் செய்தித்தாளை இறக்கினான். “கழுதைன்னா சொன்னாரு? வாத்தியார் பாராட்டினார்னுல்ல சொன்னே!”

“போங்க சார்,” என்றாள் என் மருமகள். “நீங்க திட்டினப்பகூட இவ்வளவு மானம் போகலை.”

அவர் கார் ஓட்டக் கற்றுத்தருபவர். எங்கள் சபையார் எல்லோருக்கும் வாத்தியார்தான். வயது ஐம்பத்தெட்டு. வாரம் முழுக்கக் கத்துவார். “மெதுவா விடுங்கன்னா மிதிக்கிறீங்களே, அது கிளட்சா, உங்க மாமியார் காலா?” கற்பவருக்குப் பக்கத்து இருக்கையின் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு, அவர் கால் எப்போதும் அதன்மேல்தான். ஆலயத்தில் பிரசங்கம் நீண்டு வேறெங்கோ திரும்பினாலும், கடைசி பெஞ்சில் அவருடைய வலது கால் தரையை அழுத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை மதியத்தோடு வகுப்பு முடியும். அப்புறம் அந்த வாரம் திட்டு வாங்கியவர்களின் வீடு வீடாகப் போவார். அடுத்த திங்கள் மறுபடி கத்துவார். வெட்கப்படாமல் அடுத்த சனிக்கிழமை மறுபடி வருவார்.

திருவிருந்து எங்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு. அப்பமும் திராட்சை இரசமும் எடுத்தவர்களைப் பதிவேட்டில் குறிப்பது சபைச் செயலாளரான என் வேலை. அவர் பெயருக்கு நேரே ஆறு வருடம் ஒரு குறிப்பும் இல்லை. எல்லோரும் முன்னால் போகும்போது அவர் மட்டும் முழங்கால்களை ஒதுக்கி வழிவிடுவார்.

காரணம் ஊரறிந்தது. தாயாரின் அடக்கத்தில், குழி ஓரத்தில் நின்று, அண்ணனைப் பார்த்துச் சொல்லிவிட்டார்: “இருந்தப்ப ஒரு வாய் தண்ணி குடுக்காதவன், மண்ணள்ளிப் போட மட்டும் வந்துட்டியா?” கடைசி ஒரு வருடம் தாயாரைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கிக் கிடத்தியவர் அந்த அண்ணன்தான். வெளியூரில் இருந்த தம்பிக்கு அது தெரிந்தது மறுவாரம். மன்னிப்புக் கேட்க ஓடினார், கதவு திறக்கவில்லை. எழுதினார், முதல் கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. பிறகு எழுதியவற்றுக்குப் பதிலே இல்லை.

போதகர் ஒருநாள் தோளைத் தொட்டுக் கூப்பிட்டார். “நீங்கதான் மனசார மன்னிப்புக் கேட்டுட்டீங்களே. ஆண்டவர் மன்னிச்சிருப்பார். வாங்க.”

“ஆண்டவர் மன்னிச்சிருப்பார் ஐயா. எங்கண்ணன் மன்னிக்கலையே. அவரை வெளியில நிக்க வெச்சிட்டு நான் மட்டும் பந்தியில உக்கார்றதா?”

போதகர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் பீடத்துக்குத் திரும்பினார்.

எனக்கு ஒரு கணக்கு இடித்தது. கேட்டே விட்டேன். “பந்திக்கே வராதவருக்கு எதுக்கு ஓய் வாராவாரம் இந்த அலைச்சல்?”

“திடீர்னு கூப்பிட்டுட்டார்னா? அப்பப் போய் மத்தவங்க பாக்கியையெல்லாம் தீர்த்துட்டு இருக்க முடியுமா அண்ணாச்சி?”

கூப்பிடப்போவது ஆண்டவரா, அண்ணனா என்று நான் கேட்கவில்லை.

வாத்தியார் வீடு மாறிவிட்டதை அண்ணன் கேள்விப்பட்டிருந்தார், புது முகவரி தெரியாது. அதனால் அவர் எழுதிய கடிதம் ஆலய முகவரிக்கு வந்தது. அன்று மாலை திருவிருந்துக்கு முந்தைய ஆயத்த ஆராதனை. அதற்காக வந்தவரிடம் அலுவலக வாசலில் வைத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னிடம் நீட்டினார். “கண்ணாடி கொண்டு வரலை. சரியாத்தான் படிச்சேனான்னு பாருங்க.”

இரண்டே வரி. “வந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போ. வழியில் யாரையும் திட்டாமல் வா.”

உரக்கப் படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

ஆராதனை மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். அவர் குழாயடிக்குப் போனார். முழங்கைவரை கழுவினார், முகம் கழுவினார், ஈரக் கையால் தலைமுடியை ஒதுக்கினார். எப்போதும் திறந்தே கிடக்கும் கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு ஆலயத்துக்கு முதுகைக் காட்டி, காரை நோக்கி நடந்தார்.

பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே நான் குறித்தது: கடிதம் வந்த நாள், அக்டோபர் 4, சனிக்கிழமை.