மலாய்க்கு நான் போதும்

உலு திராமில் ஒரு டியூஷன் சென்டரில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு நான் மலாய் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் பெரும்பாலும் தமிழர்கள். நானும் தமிழச்சி. அதுதான் குற்றமாம்.

"ஐந்தாம் படிவத்துக்கு வேற டீச்சர் போட்டாச்சு. நீங்க நோட்ஸ் மட்டும் எழுதிக் குடுங்க, போதும்," என்றார் சென்டர் முதலாளி.

"யாரு போடச் சொன்னது?"

மென்று விழுங்கிச் சொன்னார். ஒரு மாணவியின் அப்பா, தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூர் போய்வரும் இஞ்சினியர், மலாய்க்கு மலாய்க்காரர்தான் வேண்டும் என்றாராம். அவரும் தமிழர்தான். உள்ளூர் மாடு விலை போகாது என்று சும்மாவா சொன்னார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. பல்கலைக்கழகத்தில் மலாய் வினைச்சொற்களோடு மண்டையை உடைத்துக்கொண்டவள் நான்.

"நோட்ஸ் தர முடியாது. அவர வந்து என் வகுப்புல உக்காரச் சொல்லுங்க. நான் தப்பா சொல்லிக்குடுத்தா நானே போயிடுறேன்."

சனிக்கிழமை அந்த அப்பா வந்து கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்தார். வழக்கம்போல் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தினேன். ஒருத்தி பரிசு வாங்குகிறவள், இன்னொருத்தி புத்தகம், நான் 'பரிசளி' என்ற வினை. மலாய் வினையின் வாலில் 'கான்' ஒட்டினால் புத்தகம் என்னை ஒட்டி நிற்கும். 'இ' ஒட்டினால் புத்தகம் தள்ளிப்போகும், வாங்குகிறவள் என் பக்கத்தில் வருவாள். தம்பிக்கு ஒரு புத்தகம் பரிசளிக்க, "மெங்ஹடியாஹி ஆடேக் செபுவா பூக்கு" என்று பலகையில் எழுதினேன்.

"கெபாடா விட்டுட்டீங்க, டீச்சர்," என்றார் பின்னாலிருந்து. குரலில் அத்தனை திருப்தி.

கெபாடா என்பது நம்முடைய 'க்கு'. 'தம்பிக்கு' என்று தமிழில் யோசிக்கிறவர்கள் அதை எப்படியும் இழுத்துவந்து அங்கே வைப்பார்கள். நானும் தமிழில் யோசிக்கிறவள் என்பதால்தான் அது எனக்குத் தெரியும்.

நான் வாய் திறப்பதற்குள் அவர் மகள் திரும்பினாள். "அங்க கெபாடா வராதுப்பா. 'இ' போட்டா வாங்குறவங்க நேரா பக்கத்துல வந்துடுவாங்க. நம்மாளுங்க செய்ற தப்பு இதுன்னு டீச்சர் மொத நாளே சொன்னாங்க."

வகுப்பு முடிந்தது. வாசலில் அவர் முதலாளியிடம், "இவங்களே வகுப்பு எடுக்கட்டும் லா," என்றார். பக்கத்திலேயே நிற்கிறேன், என் பக்கம் திரும்பவில்லை.

முதலாளிக்கு நிம்மதி. எனக்கு இல்லை.

"சார், வேணாம்னு எனக்குப் பின்னால சொன்னீங்க. வேணும்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவர் சொல்லும்வரை நான் வாசலை விட்டு நகரவில்லை.