எலித்தீனிக்காரரின் குடல்

உருண்டை அண்ணன் என்றால் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் வாசல் காவலாளி முதற்கொண்டு எல்லோருக்கும் தெரியும். ஆளும் உருண்டை, அவர் செய்கிற பொருளும் உருண்டை. எலிகளுக்கான மாவில் கொழுப்பு சேர்த்துப் பிசைந்து, உருட்டி, உலர்த்தி, கூண்டு கூண்டாக வைப்பது அவர் வேலை. நீலச் சாயம் கலந்த உருண்டையில் விலங்குக் கொழுப்பு கையில் ஒட்டும் அளவுக்கு இருக்கும், மஞ்சளில் பேருக்கு. நீலம் தின்ற எலிகள் கல்யாணச் சாப்பாடு முடித்த சம்பந்தி மாதிரி சாய்ந்து கிடக்கும். மஞ்சள் எலிகளோ ஓயாமல் சக்கரம் சுற்றும். இரண்டு பக்கமும் ஒரே வம்சம்தான், குடலில் கட்டி வருகிற வம்சம். ஆனாலும் கடைசியில் திறந்து பார்க்கும்போது நீலத்தில்தான் கட்டிகள் அதிகம்.

இதை அவர் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில்தான் விளக்குவார். "நீ நெய்யா ஊத்திக்கிறே இல்ல, அதைக் கரைக்கப் பித்தநீர் கூடுதலா சுரக்கும். மிச்சப் பித்தநீர் பெருங்குடலுக்குப் போகும். அங்க இருக்கிற கிருமிங்க அதை வேற மாதிரி மாத்திடும். அது குடல் சுவரை அரிச்சுக்கிட்டே இருக்கும். கட்டின்னு ஒண்ணு வந்துட்டா அதுக்குக் கொழுப்பு அமிலம்தான் விறகு. எரிச்சு எரிச்சு வளரும். நீ குடுக்கலேன்னா தானே தயார் பண்ணிக்கும். அவ்வளவு சாமர்த்தியம்."

"மாமா, நான் சாப்பிடட்டுமா, இல்ல எந்திரிச்சுப் போகட்டுமா?" என்பான் மைத்துனன். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். கல்யாணம் ஆகாததால் அக்கா வீட்டோடு இருந்தான். அவன் தட்டில் எதுவும் மிஞ்சியதாகச் சரித்திரம் இல்லை.

இப்படி ஊர்க் குடலையெல்லாம் கரைத்துக் குடித்தவருக்குத் தன் குடல் என்றால் மட்டும் பேச்சு நின்றுவிடும். அவருடைய அண்ணனுக்குப் பெருங்குடலில் புற்று என்று தெரிந்து, ஒரு முழம் குடலை வெட்டி எடுத்திருந்தார்கள். உடன்பிறந்தவர்களும் ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து வீட்டில் தினமும் இதே பஞ்சாயத்து.

"எப்பங்க போறீங்க?" என்று மனைவி கேட்பாள்.

"போகலாம், போகலாம். குழாய் எங்க ஓடியா போகுது?"

"குழாய் ஓடாது. ஓடுறது நீங்கதான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் முகத்தில் தனிப் பிரகாசத்தோடு வந்து உட்கார்ந்தார். பரிசோதனை நடத்தப் போகிறாராம். வீட்டிலேயே. சிவப்பு மூடி போட்ட பாத்திரம், வெள்ளை மூடி போட்ட பாத்திரம். ஒன்றில் கொழுப்பு தாராளமாக, மற்றதில் துளியூண்டு. ஒன்று அவருக்கு, மற்றது மைத்துனனுக்கு. ஆறு மாதம் கழித்து, கொழுப்பு தன் குடலை என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு, தேவைப்பட்டால் குழாயைப் பற்றி யோசிக்கலாம்.

"நான் என்ன எலியா?" என்றான் மைத்துனன்.

"நீலத்துக்குத் தேர்வானாலும் ஆகலாம்டா."

"அப்ப சரி."

மனைவி மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முடிஞ்சதும் குழாய்க்கு வருவீங்களா? தேவைப்பட்டா கீவைப்பட்டா எல்லாம் வேண்டாம். என் தலைமேல கை வச்சுச் சொல்லுங்க."

அவர் வைத்தார். ஆறு மாதம் என்பது அப்போது அவருக்கு ஒரு யுகம்.

இங்கேதான் அவருடைய தொழில்பக்தி குறுக்கே வந்தது. யார் எதைத் தின்கிறார்கள் என்று அளந்து பார்க்கிறவருக்குத் தெரியக் கூடாது என்பது கூடத்தில் சட்டம். வீட்டில் அளக்கப் போவது அவர்தான். ஆகவே எந்த மூடிக்குள் எது என்று மனைவி யாரிடமும் சொல்லக் கூடாது என்று உத்தரவிட்டார். கொழுப்பைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கிளம்பிய மனிதர், தாம் பத்தியத்தில் இருக்கிறோமா விருந்தில் இருக்கிறோமா என்று தெரியாமலே சாப்பிட ஆரம்பித்தார். நாக்குக்குத் தெரியாதா என்று மைத்துனன் கேட்டதற்கு, "நாக்கு சாட்சி செல்லாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

வாராவாரம் எடை பார்த்தார். மைத்துனனைத் தராசில் நிற்கவைத்து, அசையாமல் இருக்கப் பழக்கதோஷத்தில் பிடரியைப் பிடிக்கப் போய், "கையை எடுங்க மாமா" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். சோபாவில் அவன் தூங்கினால் "பாரு, நீல லட்சணம்" என்பார். தாம் மாடிப்படி ஏறினால் "பாரு, சக்கரம் சுத்துறேன்" என்பார். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள்.

ஆறாம் மாதம் முடிவை அறிவித்தார். "சந்தேகமே இல்ல. வெள்ளை மூடிதான் கொழுப்பு குறைச்சல். நான் வெள்ளை. வயிறு பஞ்சு மாதிரி இருக்கு. அரிப்பு இல்ல, உப்புசம் இல்ல. இந்தக் குடலுக்குள்ள குழாய் விடறது அதை அவமானப்படுத்துற மாதிரி."

மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதாங்க."

"எது?"

"ஒரே சட்டியில சமைச்சு ரெண்டுலயும் ஊத்தினேன். முதல் நாள்லேர்ந்து. ரெண்டு சமையல் சமைக்க எனக்கு என்ன நாலு கையா?"

மைத்துனன் வாயில் இருந்ததை விழுங்கவும் மறந்தான். உருண்டை அண்ணன் இரண்டு மூடிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப என் வயிறு பஞ்சு மாதிரி இருந்தது?"

"அது உங்க மனசு." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "மஞ்சள் கூண்டுலயும் கட்டி வரும்னு நீங்கதானே சொன்னீங்க? கம்மியா வரும், ஆனா வரும்னு. உங்க அண்ணனும் நீங்களும் ஒரே வம்சம்தானே? ஆறு மாசமா நான் தூங்கின லட்சணம் எனக்குத்தான் தெரியும்."

அவர் சாக்குச் சொல்ல வாயெடுத்தார். ஆனால் வந்த முடிவை மறைப்பது அவர் தொழிலில் கிடையாது. "சரி, நாள் வாங்கு" என்றார்.

குழாய் விடுவதற்கு முந்தின நாள், குடலைச் சுத்தமாக்கக் குடிக்கக் கொடுத்த மருந்து சோப்புத் தண்ணீரில் எலுமிச்சையைக் காட்டி எடுத்த மாதிரி இருந்தது. குடம் குடமாக அதைக் குடித்துவிட்டு அவர் வீட்டின் ஒரே கழிப்பறையில் குடியேறினார்.

"மாமா, வேலைக்கு நேரமாச்சு!"

"பணிமனையில போய்க்கடா!"

"எவ்வளவு நேரம் மாமா?"

"அது என் கையில இல்லடா!"

மயக்கமருந்து வேண்டாம், திரையைப் பார்க்க வேண்டும் என்று அவர் அடம்பிடித்ததால் மருத்துவர் விட்டுவிட்டார். எத்தனையோ எலிக் குடல்கள் தட்டில் திறந்து கிடக்கப் பார்த்தவர் உருண்டை அண்ணன். எல்லாம் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தவை. இது ரோஜா நிறத்தில் பளபளவென்று, மடிப்பு மடிப்பாக, தன்பாட்டுக்குச் சுருங்கி விரிந்தபடி போய்க்கொண்டே இருந்தது. அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஒரு வளைவு திரும்பியதும் சுவரில் பட்டாணி அளவில் ஒன்று தலையை நீட்டியது. பெருமை அப்படியே உறைந்தது.

மருத்துவர் கம்பி வளையத்தை அதன் கழுத்தில் மாட்டி, இறுக்கி, எடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. புற்று இல்லை, ஆனால் விட்டிருந்தால் சில வருடங்களில் அந்த வழியில் போயிருக்கக்கூடிய முளை. கொழுப்பைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் அது குழாய்க்குப் பதில் ஆகாது, மூன்று வருடம் கழித்து மறுபடி வாருங்கள் என்றார் மருத்துவர். மனைவி அங்கேயே மர பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுதாள். அவர் பக்கத்தில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொன்னார்.

"நல்லவேளைடா," என்றார் அண்ணன். பிறகு, "வலிச்சுதா?"

"வலியெல்லாம் இல்லண்ணே. உள்ள போற வழிதான் கொஞ்சம் மரியாதைக் குறைச்சல்."

அறுவைக்குப் பிறகு அண்ணன் அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. "போதும்டா, வயிறு வலிக்குது, வை போனை" என்றார் அண்ணன். இருவரும் வைக்கவில்லை.