முறிந்து விழுந்தானா, விழுந்து முறிந்ததா

இரும்பு ஏன் முறிந்தது என்று சொல்வதுதான் அர்மான் ரெவோலின் வேலை. யாராவது கேட்டால் அவரும் அப்படித்தான் சொல்வார். அட்டையில் என்னவோ பொருட்களின் இயந்திரவியல் பொறியாளர் என்று அச்சடித்திருந்தது. சேந்த் எத்தியேனில் போய் அதைச் சொன்னால் யாருக்குப் புரியும்? சுரங்கமும் துப்பாக்கித் தொழிற்சாலையும் சைக்கிள் பட்டறையுமாக இருந்த ஊர் இது. முறிந்த இரும்பைப் பார்க்காத வீடு இங்கே கிடையாது. முறிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவோம். அந்த முறிந்த துண்டை மேசைமேல் வைத்து மூன்று மாதம் உற்றுப் பார்க்க ஒருத்தருக்குச் சம்பளம் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

அவருடைய அப்பா துப்பாக்கிக் குழாய் கடைந்தவர். மகனுக்கு உள்ளூர் சுரங்கப் பொறியியல் பள்ளியில் இடம் கிடைத்தபோது மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. என் பிள்ளை பாலம் கட்டப்போகிறான் என்று மதுக்கடை மதுக்கடையாகச் சொல்லித் திரிந்தார். பிள்ளை ஒரு பாலமும் கட்டவில்லை. உலோகக் களைப்பு என்றொரு ஆராய்ச்சியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரே அடிக்கு அசையாத கம்பி, லேசாக லேசாக லட்சக்கணக்கான தடவை வளைத்தால் உள்ளுக்குள் விரிசல் விட்டு ஒருநாள் பட்டென்று போய்விடும். அதுதான் களைப்பு. கம்பியை இயந்திரம் வளைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் பார்த்து டாக்டர் பட்டம் வாங்கினார். அப்பாவுக்கு அது கடைசிவரை மனசு ஆறவில்லை.

பிறகு முப்பத்தைந்து வருஷம் ஒரே சோதனைக்கூடம். உணவுக்கூடத்தில் யாராவது கொட்டாவி விட்டால், களைப்பா இருக்கு போல, ரெவோலைக் கூப்பிடு என்பார்கள். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபித்துக்கொள்ளவும் மாட்டார், ரொட்டியைப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நீதிமன்றங்கள்தான் அவரை மதித்தன. பனிமலைத் தொங்குவண்டி அச்சு, திருவிழா ராட்டினம், பள்ளிக்கூட ஏணி என்று எது முறிந்து யார் செத்தாலும் அந்தத் துண்டு கடைசியில் அவர் மேசைக்கு வந்து சேரும். முறிந்த இடத்தின் முகத்தில் ஒரு பகுதி வழவழப்பாக, அலை வந்துபோன மணல் மாதிரி வரி வரியாக இருந்தால் விரிசல் பழையது. முழுக்கச் சொரசொரப்பாக இருந்தால் அந்த நிமிஷம் அடி வாங்கி முறிந்தது. பார்த்ததைச் சொல்வார், பார்க்காததைச் சொல்லமாட்டார். நீதிபதிகளே அவர் வாயைத்தான் பார்ப்பார்கள்.

வீட்டில் மனைவி மிரேய், மருந்துக்கடையில் வேலை. ஒரே மகன் பஸ்தியான், எலும்பு முறிந்தவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தருபவன். அப்பன் இரும்புக்கு, பிள்ளை எலும்புக்கு என்று மிரேய் கேலி செய்வாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ்தியான் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைக் கணவாய்க்கு ஏறிவிடுவான். அர்மான் தன் கார் கொட்டகையில் சைக்கிள் கட்டுவார். இந்த ஊர் ஆம்பிளைகளுக்கு அது ஒரு வியாதி, கையில் பற்றவைக்கிற எரிவாயுக் கருவியும் நாலு குழாயும் இருந்தால் போதும். மகனின் முப்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு சைக்கிள் கட்டிக் கொடுத்தார். முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கைக்கூடக் கடையில் வாங்காமல் தானே குழாய் வெட்டிப் பற்றவைத்தார்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு அக்டோபர் ஞாயிறு, பஸ்தியான் கணவாயிலிருந்து இறங்கும்போது விழுந்தான். இன்னொரு வண்டி இல்லை, பார்த்தவர் யாரும் இல்லை. ஃபோர்க்கின் தண்டு ஹேண்டில்பாருக்குக் கீழே இரண்டாக முறிந்து கிடந்தது. தலை கல்லில் பட்டிருந்தது.

அர்மான் அழவில்லை. அழக்கூடாது என்று இல்லை, வரவில்லை. தேவாலயத்தில் பெட்டி முன்னால் இருந்தபோது அதன் கைப்பிடித் திருகாணிகள் மட்டமான ரகம் என்று கண் அதுபாட்டுக்குக் கவனித்தது. யார் யாரோ வந்து கன்னத்தில் முத்தமிட்டார்கள். அவரும் கன்னத்தைக் காட்டினார். பல் பிடுங்க ஊசி போட்ட வாய் போல உடம்பு முழுக்க இருந்தது. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து, சொந்தக்காரர்கள் கொண்டுவந்த பாலாடைக்கட்டியை எடுத்துச் சாப்பிட்டார். எல்லோரும் போனபின் மிரேய் கேட்டாள்.

"ஃபோர்க் முறிஞ்சு விழுந்தானா, விழுந்ததால முறிஞ்சுதா? எனக்குத் தெரியணும், அர்மான். நீ கட்டினது அது."

சொல்லிவிடலாம் என்றார் அர்மான். இதைச் சொல்லத்தானே வாழ்நாள் பூராவும் சம்பளம் வாங்கினார்.

சைக்கிள் மலைக்கு அந்தப் பக்கத்துக் காவல்நிலையத்தில் இருந்தது. ஒரு ராத்திரி முழுக்க மழைக்குட்டையில் கிடந்ததால் முறிந்த இடமெல்லாம் செந்துருப் படிந்திருந்தது. பழைய விரிசலா புதிதா என்று நிறத்தை வைத்து இனி எதுவும் சொல்லமுடியாது, துருவைக் கழுவிவிட்டு உலோகத்தின் வரிகளைத்தான் நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். சொந்த மகன் விஷயம் என்பதால் தான் பார்ப்பது முறையில்லை, செவரினிடம் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். செவரின் அவருடைய பிரிவில் நுண்ணோக்கி பார்ப்பவள், இருபது வருஷப் பழக்கம். காவலர் கையெழுத்து வாங்கிக்கொண்டு சைக்கிளை வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

முற்றத்தில் அர்மான் மட்டும் நின்றார். மேல் துண்டை ஒரு கையில் எடுத்தார். கீழ்த் துண்டை இன்னொரு கையில் எடுத்தார். இரண்டையும் பொருத்தினார். சரியாக உட்காரவில்லை என்று கொஞ்சம் திருகி, அழுத்தி, மறுபடி திருகினார். மணலை மெல்லுகிற மாதிரி நறநறவென்று ஒரு சத்தம். அப்புறம் பொருந்திவிட்டது. முறியாத ஃபோர்க் மாதிரியே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்குத் தெரியாது.

இந்தத் தொழிலில் செய்யவே கூடாதது இது ஒன்றுதான். முறிந்த முகங்களை ஒன்றோடொன்று சேர்க்கக்கூடாது. சேர்த்தால் வரிகள் தேய்ந்து போகும், சாட்சி அதோடு செத்தது. ஆனால் மனுஷன் கை இருக்கிறதே, உடைந்த தட்டானாலும் சரி, முதலில் ஒட்டவைத்துத்தான் பார்க்கும். அதனாலேயே அர்மான் எத்தனை காவலர்களை, எத்தனை தொழிற்சாலை மேலாளர்களைக் கிழிகிழி என்று கிழித்திருக்கிறார்! ராட்டின வழக்கில் ஒரு அதிகாரி துண்டுகளைப் பசைநாடாவால் ஒட்டி அனுப்பியபோது, தொலைபேசியில் இவர் போட்ட சத்தம் கேட்டு உணவுக்கூடமே வாயை மூடிக்கொண்டது.

செவரின் இரண்டு நாள் பார்த்தாள். பிறகு அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். திரையில் உலோகத்தின் முகம் சாம்பல் நிறத்தில் பெரிதாகத் தெரிந்தது. வரிகள் இருக்கவேண்டிய இடமெல்லாம் மழுங்கிப் பளபளத்தது.

"முசியே ரெவோல், யாரோ இதைப் பொருத்திப் பாத்திருக்காங்க. அந்தக் காவலர்களா?"

"நான்தான்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மறுபடி மூடினாள்.

"ஓரத்துல கொஞ்சம் மிச்சம் இருக்கு. அதை வெச்சு இப்படியும் சொல்லமுடியாது, அப்படியும் சொல்லமுடியாது. பழைய விரிசல் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம்."

புரிகிறது என்றார் அர்மான். அவள் திரையை அணைத்தாள். நீதிமன்றம் கேட்கவில்லை, காப்பீடு கேட்கவில்லை, பஸ்தியானின் அம்மாதான் கேட்கிறார்கள், விழுந்த பிறகுதான் முறிந்தது என்று நீங்கள் வீட்டில் சொன்னால் நான் ஒருநாளும் வாய் திறக்கமாட்டேன் என்று மெல்லச் சொன்னாள். நல்ல பெண். அர்மான் நன்றி சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டார்.

டிராமில் போகும்போது அந்தப் பொய்யைப் பற்றித்தான் யோசித்தார். லேசான பொய், மூன்றே வார்த்தை. ஊரில் அவரைத் தவிர வேறு யார் சொன்னாலும் மிரேய் நம்பமாட்டாள், அவர் சொன்னால் கட்டாயம் நம்புவாள். அவள் தூங்குவாள், அவரோடு இருப்பாள். உண்மையைச் சொன்னால் இருப்பாளா என்று அவருக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கவேண்டும் என்று தோன்றியது, ஆனால் பயம்கூட வரவில்லை.

மத்தியான நேரம். மிரேய் உருளைக்கிழங்கைத் துருவி அடை சுட்டுக்கொண்டிருந்தாள். சாவு நடந்ததிலிருந்து அவள் அடுப்பு மூட்டியது அன்றுதான். இரண்டு தட்டு வைத்திருந்தாள். அவர் வந்து உட்கார்ந்ததும் அடுப்பை அணைத்தாள்.

"சொல்லு."

"சொல்லமுடியாது. நான் அதை ஒட்டவெச்சுட்டேன்."

அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முப்பத்தைந்து வருஷமாகச் சாப்பாட்டு மேசையில் இந்தப் புலம்பலைக் கேட்டவள். கையில் இருந்த தோசைத்திருப்பியைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள்.

"வேணும்னே செஞ்சியா?"

அர்மான் நேர்மையாகத்தான் யோசித்தார். முற்றம் ஞாபகம் வந்தது, கைகள் ஞாபகம் வந்தன, அந்த நறநற சத்தம் வந்தது. அந்த நேரத்தில் மனசில் என்ன இருந்தது என்பது மட்டும் வரவில்லை. பிள்ளையின் சைக்கிளைச் சேர்த்துவைக்கப் பார்த்த அப்பனா, தன் கைவேலைக்கு வரப்போகும் தீர்ப்பை அழித்த ஆளா? இரண்டு பேருக்கும் ஒரே கைதான் இருந்தது.

"தெரியல, மிரேய்."

"மத்தவங்க செஞ்சா என்ன சொல்லுவே? வேணும்னே செஞ்சதுன்னு சொல்லுவியா, மாட்டியா?"

"சொல்லுவேன்."

அவள் தலையை ஆட்டினாள். கோபமாகக்கூட இல்லை. அடை ஆறிக்கொண்டிருந்தது.

"அப்ப நான்தான் முடிவு பண்ணணும்," என்றாள். "சரி, பண்ணிட்டேன். அவன் விழுந்தான், அதனால அது முறிஞ்சுது. நான் அப்படித்தான் நம்பப்போறேன். இந்த வயசுல எனக்குப் போக வேற வீடு இல்ல, உன்கூட இருந்தாகணும், இருக்கணும்னா எனக்கு இது வேணும்."

"சரி."

"ஆனா நீ அப்படி நம்பக்கூடாது. என்னைப் பாத்து நீயும் அப்படியே நெனச்சு ஆறுதல் பட்டுக்கக்கூடாது. அது எனக்கு மட்டும்தான்."

"சரி," என்றார் அர்மான்.

அவள் எழுந்து ஆறிப்போன அடையில் ஒன்றை அவர் தட்டில் போட்டாள், இன்னொன்றைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.