இரண்டு வாரம் தரையில் நின்ற படகு

கடலோரத்தில் குடியிருக்கும் எல்லோருக்கும் தண்ணீர் ஏறி வந்தால் குஷி. சுரண்டியக்காவுக்கு மட்டும் அது இறங்கிப் போனால்தான் குஷி. படகுகளின் அடிப்பாகத்துக்குப் பெயிண்ட் அடிப்பது அவள் தொழில். அடிப்பாகம் தண்ணீருக்குள் அல்லவா இருக்கிறது, அதற்கு எப்படியம்மா பெயிண்ட் அடிப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குக் கடலே ஒத்தாசை செய்கிறது.

துறைமுகத்தின் ஓரத்தில், கரையிலிருந்து கடலுக்குச் சரிந்து இறங்கும் தரையை ஒட்டி நீளமாக ஒரு கல்சுவர் இருக்கிறது. கரைப்பக்கம் மேல்முனை, கடல்பக்கம் கீழ்முனை. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் படகைக் கொண்டுவந்து அந்தச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். தண்ணீர் இறங்க இறங்கப் படகும் இறங்கிக் கடைசியில் தரையில் உட்கார்ந்துவிடும். அடிவயிறு மொத்தமும் வெளியே தெரியும். உடனே ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு அக்கா களத்தில் இறங்குவாள். பாசியையும், கல்லாக இறுகிப்போன பொடிச் சிப்பிகளையும் தகட்டால் சுரண்டித் தள்ளுவாள். கழுவுவாள், காயவிடுவாள், பெயிண்ட் அடிப்பாள். காலையில் இறங்கிய கடல் சாயங்காலம் திரும்பி வந்து காலடியில் நிற்கும். கொஞ்சம் பொறு, இன்னும் ஒரு கை பாக்கி என்றால் அது கேட்குமா? தகடும் கையுமாகவே திரிந்ததால் தெருவே அவளுக்குச் சுரண்டியக்கா என்று பேர் வைத்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்தத் துறைமுகத்தில் எந்தப் படகுக்கு எங்கே ஓட்டை, எங்கே ஒட்டு என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் மிதக்கிற படகில் அவள் ஒரு தடவைகூட ஏறியதில்லை. தண்ணீர் வந்தால் அவள் கரைக்கு ஏறிவிடுவாள், படகு போய்விடும். அவ்வளவுதான் அவளுக்கும் படகுகளுக்கும் உள்ள உறவு. அம்மா அப்பா போன பிறகு தம்பியை ஆளாக்கி, அவனுக்குப் பெயிண்ட் கடை வைத்துக் கொடுத்து, கல்யாணமும் செய்து வைத்தாள். தன் கல்யாணத்தைப் பற்றி நினைக்க அவளுக்குப் பொழுது கிடைக்கவில்லை. நாற்பதைத் தாண்டியாயிற்று.

தீவுக்காரர் என்று ஒருவர். வேறொரு துறைமுகத்திலிருந்து தீவுகளுக்குச் சிமெண்டும் செங்கல்லும் ஏற்றிப் போகும் படகு அவருடையது. மனைவி காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. படகின் அடிக்கு வருஷம் ஒரு தடவை பெயிண்ட் அடித்தால் போதும், அதனால் வருஷத்தில் ஒரே ஒரு பகல்தான் அவர் வருவார். மற்ற படகுக்காரர்கள் படகைக் கட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். இவர் போகமாட்டார். கூடவே நின்று பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொள்வார். ஊரே சுரண்டியக்கா என்று கூப்பிடுகிறவளை இவர் மட்டும் "பெயிண்டரம்மா" என்பார். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்த கதைகளை அந்த ஒரு பகலில் கொட்டித் தீர்ப்பாள். சாயங்காலம் தண்ணீர் வரும், அவர் போய்விடுவார். அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்காது. தம்பி பெண்டாட்டி பார்த்தும் பார்க்காததுபோல் தட்டை எடுத்து வைப்பாள்.

இந்த வருஷம் அவர் வந்தது பௌர்ணமிக்கு அடுத்த நாள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் ரொம்ப உயரத்துக்கு ஏறும். நிலாவும் சூரியனும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுக்கிற நாட்கள் அவை. அரை நிலா சமயத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் இழுப்பார்கள், தண்ணீர் பாதி தூரத்திலேயே சோர்ந்து நின்றுவிடும். சுவரின் மேல்முனைக்குத் தண்ணீர் எட்டுவதே அந்தப் பெரிய ஏற்றங்களில்தான். தீவுக்காரர் நேராகப் போய் அந்த மேல்முனையில் கட்டினார்.

"ஏங்க, கீழ கட்டக் கூடாதா? இங்க கட்டினா இன்னிக்கே எடுத்தாகணுமே" என்றாள் அவள்.

"எடுத்துட்டாப் போச்சு" என்றார் அவர்.

எடுத்தாரா? சாயங்காலம் தண்ணீர் வந்தது, படகு மிதந்தது, தண்ணீர் போனது. விடிந்து பார்த்தால் படகு அதே இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது! "கண் அசந்துட்டேன்" என்று தலையைச் சொறிந்தார் மனுஷர். அன்று காலை ஏற்றம் படகைத் தொட்டது, தூக்கவில்லை. அடுத்த நாள் தொடக்கூட இல்லை. இனி அரை நிலா வரைக்கும் தினம் தினம் குறைந்து, பிறகு அமாவாசைக்குக் கூடி வந்தால்தான் உண்டு. இரண்டு வாரம்!

துறைமுகமே விழுந்து விழுந்து சிரித்தது. தாடி நரைத்த படகோட்டி தண்ணீர் வந்தது தெரியாமல் தூங்கினாராம்! சிமெண்டுக்குக் காத்திருந்த கடைக்காரர் போனில் கத்திய கத்தல் சுவருக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. தம்பி கடையில் உட்கார்ந்தபடி, "என்னா ஆளுப்பா, நம்ம வீட்டுப் பூனைகூட தண்ணி பட்டா முழிச்சுக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான்.

சுரண்டியக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படகு தண்ணீரோடு எழும்பும்போது சுவர்மேல் கட்டிய கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும், இறங்கும்போது தளர்த்தி விட வேண்டும். இல்லாவிட்டால் கயிறு அறுந்துவிடும், அல்லது படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். படகு ஒரு சாய்வும் இல்லாமல் நின்றது. அவள் சாயங்காலம் பார்த்த முடிச்சு இல்லை அது. யாரோ தண்ணீர் ஏறும்போது இழுத்து, இறங்கும்போது தளர்த்தி, அழகாக வேறு முடிச்சுப் போட்டிருந்தார்கள். தூங்குகிறவன் செய்கிற வேலையா இது?

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அடப்பாவி மனுஷா, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வெளியே மூச்சு விடவில்லை.

அந்த இரண்டு வாரமும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கீழ்முனையில் வந்த மற்ற படகுகளுக்கு அவள் பெயிண்ட் அடித்தாள், அவர் டப்பா பிடித்தார். ஆடிக்கொண்டிருந்த அவளுடைய ஏணிக்குப் புதுக் கால் வைத்தார். சுரண்டும் தகட்டுக்குக் கைக்கு வாகாக மரப்பிடி செதுக்கிக் கொடுத்தார். மத்தியானம் படகின் நிழலில் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டார்கள். எல்லாம் பேசினார்கள். தீவுகள், சிமெண்ட் விலை, அவர் மனைவியின் கடைசி நாட்கள், தம்பியின் குறட்டை, ஒன்று பாக்கியில்லை. பேச வேண்டியதை மட்டும் அவர் பேசவில்லை. வாயைத் திறப்பார், தொண்டையைச் செருமுவார், "தண்ணி கொஞ்சம் தர்றீங்களா" என்பார். இப்படி எத்தனை செம்பு தண்ணீர் குடித்தாரோ!

அரை நிலா போய் நிலா தேய்ந்தது. சுவரின் ஈரக்கோடு நாளுக்கு நாள் மேலே வந்தது. தினம் காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தாள். இந்தத் தடவையும் வாயைத் திறக்காமல் போனால் அடுத்த வருஷம்தான். ஒருவேளை இந்த அமாவாசை ஏற்றம் பௌர்ணமி அளவுக்கு வராதோ? வராமல் போகட்டுமே என்றுகூட நினைத்தாள்.

"அண்ணி, உங்க மூஞ்சியப் பாத்தா கடலே பயந்து திரும்பிப் போயிடும் போல" என்றாள் தம்பி பெண்டாட்டி.

"போனா நல்லதுதான். வாய மூடிட்டு பெயிண்டக் கலக்கு."

கடல் யாருக்கும் பயப்படவில்லை. அமாவாசைக்கு அடுத்த நாள் காலை, வெயில் பளிச்சென்று அடிக்க, தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. வேடிக்கை பார்க்க டீக்கடையே சுவரில் ஏறி உட்கார்ந்தது. தம்பி முன்கயிற்றைப் பிடித்துக்கொண்டான். தண்ணீர் புதுப் பெயிண்ட்டைத் தாண்டி ஏறியது. படகு ஒரு முனகல் முனகியது, அசைந்தது, பின்பக்கம் லேசாகத் தூக்கியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

தீவுக்காரர் மேல்தட்டில் நின்று சுவர்மேல் நின்ற அவளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"பெயிண்டரம்மா... அப்ப, கெளம்பட்டுமா?"

அவளுக்கு வந்ததே கோபம்! "இதைக் கேக்கத்தான் ரெண்டு வாரமா இங்க கெடந்தீங்களா?"

"அது... கண் அசந்து..."

"கண் அசந்தவரு கயித்தத் தளத்தி, இழுத்து, முடிச்சு மாத்திக் கட்டினாரா? யாருகிட்ட கதை விடுறீங்க? அன்னிக்கே பாத்துட்டேன்!"

சுவரில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மனுஷருக்கு முகம் அவள் கையிலிருந்த சிவப்புப் பெயிண்ட் டப்பா நிறத்துக்கு வந்துவிட்டது.

"பாத்துட்டு ஏன் சும்மா இருந்தீங்க?" என்றார் மெதுவாக.

"நீங்க கேப்பீங்கன்னுதான் இருந்தேன். இன்னும் எத்தன அமாவாசை வேணும் உங்களுக்கு?"

அவர் செருமவில்லை. தண்ணீரும் கேட்கவில்லை. "வருஷத்துல ஒரு பகல் எனக்குப் பத்தல, பெயிண்டரம்மா. எங்கூட வந்துடறீங்களா? கல்யாணம் பண்ணிக்கலாம்" என்றார், ஊரே கேட்கும்படி.

டீக்கடைப் பக்கம் விசில் பறந்தது. தம்பி கையில் கயிற்றோடு வாயைப் பிளந்து நின்றான். "அக்கா! என்னக்கா இது?"

"ஏண்டா, இவ்வளவு நாள் கடையில உக்காந்து என்னத்தப் பாத்துட்டிருந்தே? பூனைக்குக்கூடத் தெரியும்."

"பூனைக்கு முன்னாடி எனக்குத் தெரியும்" என்றாள் தம்பி பெண்டாட்டி. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "அண்ணி, எந்த வாரம் கல்யாணம்னுகூட முடிவு பண்ணி வச்சிருக்கேன். நீங்க ஏறுங்க."

சுரண்டியக்கா பெயிண்ட் டப்பாவை அவள் கையில் கொடுத்தாள். "தீவு வரைக்கும் போயிட்டு சாயங்கால ஏத்தத்துல திரும்பிடறோம். வந்து உக்காந்து பேசலாம்" என்று தம்பியின் தலையைத் தடவிவிட்டு, அவர் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு சுவரிலிருந்து தாண்டினாள்.

காலடியில் பலகை மேலே எழும்பியது. இத்தனை வருஷம் இந்தத் தண்ணீர் வந்தால் ஓடிப்போய்க் கரையேறியவள் அவள். இப்போது அது அவளையும் சேர்த்துத் தூக்கியது. அவர் கையை இறுகப் பிடித்தாள்.

"பயமா இருக்கா?"

"இருக்கு. அதுக்கென்ன, ஓட்டுங்க" என்றாள். படகு சுவரை விட்டு நகர்ந்தது. "ஆனா ஒண்ணு. சாயங்காலம் கீழ்முனையில கட்டுங்க. இனிமே தூங்குறதா இருந்தா வீட்டுல வந்து தூங்குங்க."