வடக்குச் சுவரின் அந்துப்பூச்சி

எங்கள் குடியிருப்பின் வடக்குப் பக்கக் காம்பவுண்டுச் சுவர் அசிங்கமான சுவர்தான், ஒப்புக்கொள்கிறேன். மழைக்காலம் முடியும்போது அது சொறி பிடித்த நாய் மாதிரி ஆகிவிடும். பச்சையாகப் பாசி, அதன் நடுவே சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகக் கல்பாசி, பிரியாணிக்குப் போடுகிறோமே அதற்குத் தூரத்துச் சொந்தம். ஆனாலும் நாங்கள் இருக்கும் ஹடப்சரில் இதைவிட அழகான சுவர் கிடையாது என்பேன். என் கணவர் இதை வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். அந்தக் கல்பாசியை மேய்ந்து வாழ்கிற புழு ஒன்று அங்கே இருந்தது. சுவரின் மணலையும் சுண்ணாம்புத் தூளையும் தன் இழையால் ஒட்டி, சீரகத்தைவிடச் சிறிய கூடு ஒன்று கட்டிக்கொண்டு, அதைச் சுமந்தபடியே நகரும். அந்துப்பூச்சியாக மாறும்போது ஆணுக்கு மட்டும்தான் சிறகு. பெண்ணுக்குச் சிறகே கிடையாது. அவள் கூட்டின் மேல் தொற்றிக்கொண்டு ஆணுக்காகக் காத்திருப்பாள், முட்டையிடுவாள், அங்கேயே செத்துப்போவாள். அதனால் இந்தச் சுவரை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

போன வருடம் மாடிப்படி விளக்கடியில் ஓர் ஆண் எனக்குக் கிடைத்தது. பல்லி முந்திக்கொள்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். சாம்பல் நிற அந்துப்பூச்சிகள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வயிற்றின் நுனியைப் பொட்டாஷ் கரைசலில் வேகவைத்து, உள்ளே இருக்கும் இனப்பெருக்க உறுப்பை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் யார் என்று தெரியும். பார்த்தேன். நான் படித்த எதிலும் அப்படி ஒன்று இல்லை. வேறு ஊரில் இருக்கும் நிபுணருக்குப் படங்களை அனுப்பினேன். புதிய இனமாகத்தான் தெரிகிறது, ஆனால் ஒற்றை ஆணை வைத்து எழுத முடியாது, பெண்ணும் இன்னும் சில ஆண்களும் வேண்டும் என்றார். ஊரின் மறுகோடியில் அகுர்டியிலும் கசார்வாடியிலும்கூடப் பழைய சுவர் ஒன்று விடாமல் தடவிப் பார்த்தேன். வாட்ச்மேன்கள் என்னைத் திருடி என்றே முடிவு கட்டினார்கள். எங்கேயும் இல்லை.

அந்த வருடம்தான் என் கணவர் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி ஆனார். கோயம்புத்தூர்க்காரர் ஒருவரை இந்த மராட்டியர்கள் தேர்ந்தெடுத்ததில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"தசரா முடிஞ்சதும் சுவத்துக்கெல்லாம் பெயிண்ட். ஏழு வருஷம் வாரண்டி. பாசி, பூஞ்சை ஒண்ணும் ஒட்டாது" என்றார் ஒரு நாள், தோசையைப் பிய்த்தபடி.

புழுக்கள் அந்துப்பூச்சியாக மாறுவதற்காக, கூடுகள் எல்லாம் அப்போதுதான் சுவரில் ஒட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தன.

"ஏனுங்க, வடக்குச் சுவர மட்டும் தீபாவளி வரைக்கும் விட்ருங்க. பூச்சி வெளிய வந்து முட்டை வெச்சிரும். அப்புறம் பாதிச் சுவர விட்டுட்டு மீதிய அடிச்சுக்குங்க."

"மீட்டிங்ல நானே எந்திரிச்சு, என்ற சம்சாரம் பூச்சி வளர்க்கறா, சுவத்துல கை வெக்காதீங்கன்னு சொல்லோணுமா? என்ற மானம் என்னாகறது?"

"போகட்டும். உங்க மானம் அடுத்த வருஷம் திரும்பி வரும். இந்தப் பூச்சி வராது."

அழுதேன், கத்தினேன், பேசாமல் இருந்தேன். கடைசியில் இறங்கி வந்தார். பெயிண்டரிடம் சொல்லிவிட்டதாகவும், வடக்குச் சுவரைத் தீபாவளிக்குப் பிறகுதான் தொடுவார்கள் என்றும் சொன்னார். முகத்தைப் பார்த்தேன், பொய் இல்லை. அவரை அன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வேலை ஆரம்பித்த அன்று கல்லூரியிலிருந்து திரும்பி நேராக வடக்குச் சுவருக்குத்தான் போனேன். பெயிண்ட் படவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்கள். ஆனால் சுவர் பளிச்சென்று, ஈரமாக, வெறும் சிமெண்டாக நின்றது. பெயிண்டுக்கு முன்னால் சுவர் முழுவதையும் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சிக் கழுவியிருந்தார்கள். உங்கள் சுவரில் ஒரு சொட்டுப் பெயிண்ட்கூட விழவில்லை மேடம் என்று பெயிண்டர் இந்தியில் பெருமையாகச் சொன்னார்.

என் கணவர் ஓடிவந்தார். "பெயிண்டே அடிக்கலையே" என்றார். பிறகு சுவரைப் பார்த்தார்.

நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரடிச் சாக்கடையில் இறங்கினேன். டீ வடிகட்டியால் சேற்றை அள்ளி அள்ளி அலசினேன். அவரும் பேண்ட்டை மடித்துவிட்டு இறங்கினார். பால்கனியிலிருந்து பார்த்தவர்கள் என் தாலிதான் சாக்கடையில் விழுந்துவிட்டது என்று நினைத்துப் பரிதாபப்பட்டார்களாம். நசுங்காத கூடுகள் ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. டப்பாவில் போட்டுப் பால்கனியில் வைத்தேன். ஒவ்வொன்றாக அழுகின.

ஒன்று மட்டும் பிழைத்தது. ஒரு காலையில் பார்த்தால், கூட்டின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். சிறகு இல்லை, பழுப்பு நிறம், எள்ளளவு உடம்பு. அந்த உடம்பின் பின்நுனியை நீட்டி, ஆணை அழைக்கும் வாசனையைக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தாள். டப்பாவைத் திறந்து சுவர்ப் பக்கம் வைத்தேன். வா, ஒருத்தனாவது வா என்று வாய்விட்டே கெஞ்சினேன். கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. மறுநாளும் அவள் அழைத்துக்கொண்டேதான் இருந்தாள். அவள் சுருங்கத் தொடங்கியபோது, நானே எடுத்து ஸ்பிரிட்டில் போட்டேன். தீபாவளி முடிந்ததும், காக்க ஒன்றும் மிஞ்சாத வடக்குச் சுவர் முழுவதற்கும் பெயிண்ட் அடித்தார்கள்.

ஓர் ஆண், ஒரு பெண். நிபுணர் மனமிரங்கினார். கட்டுரை வெளிவந்தது, இனத்துக்குப் பெயர் வைத்தாயிற்று. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டும் பொம்மைகள் குவிந்தன. வாழ்த்து பேனர் அடித்தார்கள். என் முகம் பெரிதாக, பக்கத்தில் இணையத்தில் எடுத்த ஏதோ வண்ணத்துப்பூச்சி. இடம் காலியாக, சுத்தமாக இருக்கிறது என்று அதை வடக்குச் சுவரில் கட்டினார்கள்.

இந்த மழைக்காலம் முழுக்க, காலையில் பேனரின் ஓரத்தைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்க்கிறேன். நேற்று என் கணவரும் கூட வந்து, டார்ச்சை அவரே பிடித்துக்கொண்டார்.

"ஏதாச்சும் ஒட்டியிருக்கா?" என்றார்.

"இல்லீங்க. பெயிண்ட் நல்ல பெயிண்ட்."

"வாரண்டி இன்னும் ஆறு வருஷம் இருக்குது" என்றார், அழுகிற குரலில்.